ஆறு தடவை எழுதிய இரண்டு

ஒரகடத்தில் புதிது புதிதாகக் கம்பெனிகள் திறந்துகொண்டிருந்த வருஷங்களில், நெடுஞ்சாலையோரத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் நர்ஸாக இருந்தேன். எங்கள் வார்டில் பாதிக் கட்டில்களில் கையில் கட்டுப் போட்ட இளசுகள்தான்.

மயக்க மருந்து டாக்டர் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். கை ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு வலி ஊசி மட்டும். சிலருக்கு அக்குளில் மெல்லிய குழாய் வைத்து, கையை மரத்துப்போக வைக்கும் மருந்தைச் சிறிது சிறிதாக விடுவார். எதில் வலி அதிகம் குறைகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை "வலி பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டுத் தாளில் எழுதுவது என் வேலை. நாலைத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

அந்தப் பெண் தென்காசிப் பக்கம். பத்தொன்பது வயது, டிரெயினி. பிரஸ் மிஷின் இரண்டு விரல்களை நசுக்கியிருந்தது. ஆபரேஷன் முடிந்து, அவளுக்கு அக்குள் குழாய்தான் வைத்திருந்தார் டாக்டர். ஊரிலிருந்து அம்மா வந்து சேரவில்லை. கம்பெனி எச்.ஆர். ஆள்தான் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"வலி எவ்ளோம்மா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு, சிஸ்டர்."

"நல்லா தாங்குது பொண்ணு. அடுத்த வாரமே லைட் டியூட்டிக்கு வந்துடும்" என்று சிரித்தான்.

என் இரண்டு ஷிப்டுகளில் ஆறு தடவை கேட்டேன். ஆறு தடவையும் இரண்டு. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், தலையணை உறை வேர்வையில் ஊறியிருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே எழுதினேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவன் போன் பேச வெளியே போனான். அவள் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"இன்னாம்மா இது? ரெண்டு ரெண்டுன்னு சொல்லிக்கினு கீற?"

"தாங்க முடியல சிஸ்டர். கூடச் சொன்னா இங்கயே ரொம்ப நாளு போட்டுருவாவளாம். பெரிய ஆக்சிடென்ட்டுன்னு எழுத வேண்டி வருமாம். பொறவு பெர்மனென்ட் ஆக்க மாட்டாவளாம். அந்த சார்தான் சொன்னாவ."

"இப்ப சொல்லு. எவ்ளோ?"

"ஒம்பது." கொஞ்சம் தயங்கினாள். "பத்துன்னு சொல்லலாமா சிஸ்டர்?"

அக்குள் பிளாஸ்திரியைத் தூக்கிப் பார்த்தேன். பஞ்செல்லாம் சொதசொதவென்று ஈரம். குழாய் நழுவியிருந்தது. கைக்குப் போக வேண்டிய மருந்து எத்தனை நேரமாகப் பஞ்சுக்குப் போனதோ! முதல் தடவையே ஒன்பது என்றிருந்தால் அப்போதே பிரித்துப் பார்த்திருப்பேன்.

அவன் திரும்பி வந்தான்.

"வெளிய போ."

"சிஸ்டர், நான் கம்பெனிலேர்ந்து..."

"எங்கேர்ந்து வந்தா எனக்கு இன்னா? வலிக்கிறது உன் கையா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவன் போனைக் காதில் வைத்தபடி போனான்.

டாக்டர் வந்து ஊசி போட்டார், குழாயை மாற்றி வைத்தார். அரைமணி நேரத்தில் அவள் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள்.

"ரெண்டுன்னு அவங்களேதானே சொல்லியிருக்காங்க?" என்றார் டாக்டர், தாளைப் பார்த்து.

"பக்கத்துல யார் குந்திக்கினு இருக்கும்போது சொன்னாங்கன்னு எழுத இதுல எடமில்ல சார்."

அவர் தாளின் குறுக்கே கோடு கிழித்து, அவளை ஆய்விலிருந்து நீக்கினார். இனி ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று மறுநாள் உத்தரவு போட்டார். நல்ல உத்தரவுதான். எனக்கு அது போதவில்லை. அவர் யார்மேலாவது கத்த வேண்டும் என்றிருந்தது. கத்தினது நிர்வாகம், என்மேல். கம்பெனிக்காரர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டுமாம். பேஷண்டுகளை அனுப்புவதே அவர்கள்தானாம்.

இரண்டு விரல்களும் பாதிதான் மிஞ்சின. டிரெயினி காலம் முடிந்ததும் கம்பெனி அவளை அனுப்பிவிட்டது. ஊருக்குப் போகும் முன் அம்மாவோடு கையைக் காட்ட வந்தாள்.

"நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும் சிஸ்டர்!"

ஆறு தடவை இரண்டு என்று எழுதியதே நான்தான் என்றேன்.

"பொய் சொன்னது நான்தான, சிஸ்டர்?" என்றாள்.

 சொல்ல வைத்த அந்த எச்.ஆர். ஆளோ வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உள்ளே, அதே கம்பெனியிலிருந்து இன்னொரு பெண், கையில் கட்டோடு.