சுவர் இடுக்கில் நான் திணித்த துண்டு

அப்போது ஷார்ஜாவில் ஓர் அரபு வீட்டில் சமையல் வேலை பார்த்தேன். குளிர்காலத்தில் முதலாளி குடும்பத்தோடு பாலைவனத்தில் போய்த் தங்குவார். அவர் வண்டியே ஒரு வீடு. பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவர் வெளியே நகர்ந்து அறை அகலமாகும்.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. அந்தச் சுவரின் ஓரமாக ஒழுகி மெத்தை நனைந்தது.

“பெரியம்மா, கை வச்சிராதீய. மழைத்தண்ணிய அடைக்கிற ரப்பர்ல மண்ணு ஏறியிருக்கு, நான் வந்து தொடைக்கேன்” என்றான் டிரைவர். எங்கள் தூத்துக்குடிக்காரன்.

“ஏல, ஒழுகுற வீட்டுல குடும்பம் நடத்துனவ நான். எனக்குச் சொல்லித் தாரியோ?”

அவன் அந்தப் பக்கம் போனதும் பழைய துண்டைக் கிழித்து இடுக்கில் திணித்தேன். ஒழுக்கு நின்றது.

மழை வலுக்கவே முதலாளி கிளம்பச் சொன்னார். பொத்தானை அழுத்தியதும் உள்ளே வந்த சுவர் பாதியில் அந்தத் துண்டில் சிக்கி, ரப்பர் கிழிந்தது. சுவர் மூடாமல் வண்டி நகராது. வண்டி நின்ற பள்ளத்தில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் அழுதார்கள். டிரைவர் துண்டை உருவிப் போட்டு, தோள்கொடுத்துச் சுவரைத் தள்ளி மூடினான்.

“யார் வேலை இது?” முதலாளி இந்தியில் கத்தினார்.

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. “நான்தான், அர்பாப்.”

“கலாஸ், முடிந்தது! நீ ஊருக்குப் போ.”

வழியெல்லாம் நனைந்த மெத்தையைத் துடைத்துக்கொண்டே வந்தேன். ஷார்ஜாவில் இறங்கியதும்தான் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் வண்டியைச் சுற்றிப் போய்க் கிழிந்த ரப்பரைத் தடவிப் பார்த்தார். பிறகு, “அவன் ஊருக்குப் போக வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து புது ரப்பர் ஒட்டுங்கள்” என்று உள்ளே போய்விட்டார்.

வேலை போய்விடும் என்று பயந்தேன்தான். ஆனால் அவ்வளவு தூரம் என் வாயைக் கட்டியது அந்தப் பயம் இல்லை. எனக்குத் தெரியாத வேலையும் உண்டு என்று சொல்ல வேண்டுமே, அதுதான்.