சரியம்மா கேட்ட நாவல்

ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்குச் சரியம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. மேற்பார்வையாளர் அந்த நாட்டுப் பாஷையில் எதைச் சொன்னாலும், புரிந்ததோ இல்லையோ, அதே பாஷையில் "சரி" என்று தலையாட்டிவிடுவாள். ஒருமுறை அவர் "நாளைக்கு லீவு வேண்டுமா?" என்று கேட்டார். சரி என்றாள். மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்து நின்றாள்.

வேலையில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. உலர்த்தியிலிருந்து சுடச்சுட வந்து விழும் படுக்கை விரிப்பை அவள் ஒரு பக்கமும் கூட வேலை செய்யும் கண்ணாடி அக்கா மறுபக்கமும் பிடித்து, ஓர் உதறு உதறி மடித்தால் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். அங்கே அவளோடு தமிழ் பேச இருந்த ஒரே ஆள் அந்தக் கண்ணாடி அக்காதான்.

கணவர் லாரி ஓட்டுபவர். வாரத்தில் பாதி நாள் சாலையிலேயே போய்விடும். மகளுக்குப் பதினாறு வயது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அம்மாவின் கையை விடாதவள், இப்போது வீட்டுக்குள் நுழைந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். "சாப்டியா?" என்றால் "ம்." "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்றால் "ஒண்ணுமில்ல." பேச்சு அவ்வளவோடு சரி.

ஒரு சாயங்காலம் சமையலறை மேசையில் ஒரு நாவலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, மகள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"இதப் பத்தி எழுதணும்மா. கதையோட கரு என்ன, ஆட்கள் எப்படி, எது எதுக்குக் குறியீடுன்னு. ஒண்ணுமே ஓட மாட்டேங்குது."

"அப்படி என்ன கதை?"

"நம்மள மாதிரி நாடு விட்டு நாடு போன ஒரு பொண்ணு. ஊர்லேருந்து தன்னோட சைக்கிள் மணிய மட்டும் கழட்டி எடுத்துட்டு வந்திருக்கா. எங்க போனாலும் பையில வச்சிருப்பா."

"சைக்கிள் இல்லாம மணிய எதுக்குத் தூக்கிட்டு வந்தா?"

"சைக்கிள் பெட்டியில அடங்காதும்மா."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதமாகிவிட்டது அப்படிச் சிரித்து. "முதல்லேருந்து சொல்லு. எனக்குச் சொன்னா உனக்கும் மண்டையில ஏறும்" என்றாள் சரியம்மா.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கதை நடந்தது. அவள் காய் நறுக்க, மகள் படித்துப் படித்துத் தமிழில் சொல்வாள். மறுநாள் சலவைக்கூடத்தில் அதே கதையைச் சரியம்மா தன் பங்குக்குக் கை கால் வைத்துக் கண்ணாடி அக்காவுக்குச் சொல்வாள். அக்காவுக்குக் கதை பிடித்துப்போனது. காலையில் வந்ததும் வராததுமாக, "அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்பதுதான் முதல் கேள்வி.

சிக்கலும் அவளால்தான் வந்தது. "ஏம்மா, அந்தப் பொண்ணோட தாய்க்காரி நல்லாத்தானே இருந்தா? திடீர்னு மணியத் தூக்கிக் குப்பையில போட்டாங்கறே. என்னத்துக்கு? நடுவுல எதையோ முழுங்கிட்டே நீ."

சரியம்மா யோசித்தாள். முழுங்கியது அவள் அல்ல, மகள். வீட்டுக்கு வந்ததும் மகளைக் கேட்டுவிட்டாள். மகள் முகம் சுருங்கிவிட்டது. மெல்லப் பக்கத்தைப் பின்னால் திருப்பினாள்.

"ஸ்கூல் வாசல்ல அவங்கம்மா வந்து நிக்கறாங்க. யாரு அதுன்னு ஃபிரண்ட்ஸ் கேக்கறாங்க. இவ, எங்க வீட்ல வேலை செய்யறவங்கன்னு சொல்லிடறா. அம்மா காதுல அது விழுந்துடுது."

கத்தி பலகை மேலேயே நின்றது. போன பெற்றோர் கூட்டத்துக்கு, "நீ வரவேணாம்மா, யாரோட அம்மாவும் வர மாட்டாங்க" என்று மகள் சொன்னது இப்போது வேறு மாதிரி கேட்டது.

"இத ஏன் விட்டுட்டே?"

"நானும் அப்படின்னு நெனச்சுடுவியோன்னு..." மகள் புத்தகத்தை மூடினாள். "நான் யார்கிட்டயும் அப்படிச் சொன்னதில்லம்மா. ஆனா நீ வந்தா எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டுவே. சிரிப்பாங்களோன்னு இருந்துச்சு."

சுருக்கென்றுதான் தைத்தது. சரியம்மா எழுந்து போய், கழுவிய பாத்திரத்தையே இன்னொரு தடவை கழுவினாள். திரும்பி வந்தபோது கோபம் ஆறியிருந்தது.

"பொண்ணு சொன்னது தப்புதான். ஆனா அந்தத் தாய்க்காரி மணியத் தூக்கிப் போட்டிருக்கக் கூடாது. பாவம், பயம் அவளுக்கு. பொண்ணு கைய விட்டுப் போயிடுவாளோன்னு."

"உனக்கும் பயமா இருக்கா?"

"பின்னே? நீ கதவச் சாத்தறப்பல்லாம்."

மகள் எழுந்து வந்து அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். சாய்ந்தபடியே, "வெள்ளிக்கிழமை எல்லாரும் எழுதினத வாசிக்கறோம். பெத்தவங்க வரலாம். நீ வர்றியா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை கண்ணாடி அக்கா சரியம்மாவின் ஷிஃப்டைத் தானே ஏற்றுக்கொண்டு அனுப்பிவைத்தாள். வகுப்பறையில் சின்ன நாற்காலி. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தாள். மகள் வாசித்ததில் "அம்மா" என்று பொருள்படும் சொல் திரும்பத் திரும்ப வந்தது. அது மட்டும் அவளுக்குப் புரிந்தது. முடிந்ததும் ஆசிரியை அருகில் வந்து, கதை பிடித்திருந்ததா என்று கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள்.

"பிடிக்கலைன்னு சொல்லு" என்றாள் சரியம்மா. "பொண்ணு பெரியவளாகி வேற ஊருக்குப் போயிட்டா, சரி. அந்த அம்மா என்ன ஆனா? கடைசியில அவளப் பத்தி ஒரு வரிகூட இல்லையே."

ஆசிரியை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "என்ன ஆகியிருப்பாள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?"

"பாஷையக் கத்துக்கிட்டிருப்பா. பொண்ணுக்கு ஃபோன் போட்டு அதே பாஷையில சண்டை பிடிச்சிருப்பா."

மகள் சிரித்துக்கொண்டே அதைச் சொல்ல, வகுப்பே சிரித்தது. அந்தக் கட்டடத்திலேயே சனிக்கிழமை காலையில் பெரியவர்களுக்குப் பாஷை வகுப்பு நடப்பதாக ஆசிரியை சொன்னார்.

அடுத்த சனிக்கிழமையே போய்ச் சேர்ந்தாள். இப்போது சனிக்கிழமை மதியமானால் அந்த வீட்டில் ஒரே கூச்சல். தொலைபேசியில் லாரிக்காரர், "அங்க என்ன ரகளை?" என்று கேட்கிறார். குட்டி வாத்து ஒன்று குளத்துக்குப் போகிற குழந்தைகள் புத்தகத்தில் சரியம்மா இரண்டாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அப்படி இல்லம்மா, நாக்க மேல வை."

"வச்சுட்டேன்டி. அது அங்க நிக்கணுமே!"