பின் சீட்டில் ஈரம்

இந்த மழைக்காலத்தில் அப்பா எங்கள் காரில் ஏறுவதை நிறுத்திவிட்டார். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் அது ஆஸ்பத்திரி வரை போய்விட்டது.

அப்பா கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு ஊரின் மறுகோடியில், கோந்த்வாவில் எங்களோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கட்கிக்குப் போயாக வேண்டும் – கூட வேலை பார்த்தவர்கள், ஒரு டீ, பழைய ஃபோர்மேன்களைப் பற்றிய வம்பு. நான் காரில் கொண்டுபோய் விடுவேன். பின் சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்துகொள்வார்.

கோடையில் அவருக்கு ப்ராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. சில மாதங்களுக்குக் கொஞ்சம் சிறுநீர்க் கசிவு இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருக்கிறதா, இல்லையா? நான் கேட்கவில்லை. பெற்ற அப்பாவிடம் மகள் இதை எப்படிக் கேட்பது... நீங்களே சொல்லுங்கள்.

ஜூலையில் ஒரு ஞாயிறு, கட்கியில் இறங்கியவர் பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்த்தேன். சீட்டில் ஈரம். அவர் பேன்ட்டிலும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் அதே ஈரம். அதற்கடுத்த வாரம் அவருக்கு முன்பே கீழே இறங்கிப்போய், சீட்டின் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டுவைத்தேன். அவரைச் சங்கடப்படுத்தாமல் ஒரு ஏற்பாடு செய்துவிட்டதாக எனக்கு நிம்மதிகூட.

அப்பா கதவைத் திறந்தார். துண்டைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

அதன் பிறகு, "வாணாம்மா, நான் ரிக்ஷால போயிக்கிறேன்" என்றார். பிறகு ரிக்ஷாவும் இல்லை. "மழையா இருக்குது, அடுத்த வாரம் பாக்கலாம்." தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். அதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். உடம்பில் நீர்ச்சத்து மிகவும் குறைந்துவிட்டது என்று ட்ரிப் ஏற்றினார்கள். "காகா, பானி நஹி பீதே க்யா?" – தண்ணீர் குடிப்பதில்லையா என்று டாக்டர் இந்தியில் கேட்டார். அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏன் குடிக்கவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய?

இரவெல்லாம் மழை. மறுநாள் அவரை அழைத்துவர, தலையணையோடு கார் கதவைத் திறந்தேன். அன்று போட்ட துண்டு சீட்டிலேயே கிடந்தது, தொப்பலாக நனைந்து.

அப்பா அந்தக் காரில் ஏறி வாரக்கணக்காகிறது.

"முரளி, இங்க வாங்க" என்று கணவரைக் கூப்பிட்டேன்.

"வாட்டர் பாட்டில் கொட்டிடுச்சா?"

"காரை யாரும் எடுக்கவே இல்லையே."

டிஸ்சார்ஜுக்கு மதியம் ஆகும் என்றிருந்தார்கள். தண்ணீர் எங்கே புகுகிறதென்று பார்க்க முரளி ஹோஸ் பைப்பைக் கொண்டுவந்தார். நான் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். முரளி வெளியே கீழிருந்து ஆரம்பித்து, கதவு, கண்ணாடி என்று ஒவ்வொன்றாக நனைத்துக்கொண்டே வந்தார். ஒன்றுமில்லை. பிறகு கூரையில் திறந்து மூடும் கண்ணாடியை, சன்ரூஃபைச் சுற்றி ஊற்றினார். கொஞ்ச நேரம் கழித்து, என் தலைக்கு மேலிருந்த கைப்பிடியிலிருந்து ஒரு சொட்டு தொடையில் விழுந்தது. இன்னொன்று. பிறகு நிற்கவே இல்லை.

சன்ரூஃபைச் சுற்றி விழும் தண்ணீர் வெளியேற, மூலைகளில் மெல்லிய குழாய்கள் உண்டு. பின்பக்கத்துக் குழாயை குல்மொஹர் மரத்தின் இலைத்தூள் அடைத்திருந்தது. முரளி ஹிஞ்சேவாடி ஆபீஸுக்குக் கம்பெனி வண்டியில் போவதால், வாரம் முழுக்க எங்கள் கார் அந்த மரத்தடியில்தான் நிற்கும். சொட்டிய தண்ணீர் சீட்டின் தையல் வழியாக உள்ளே இறங்கிவிடும். மேல் துணி காய்ந்துவிடும். உள்ளேயிருக்கும் ஸ்பான்ஜ் காயாது. ஆள் உட்கார்ந்தால் பிழிந்துகொண்டு வெளியே வரும்.

உட்காரும்போது உலர்ந்த சீட். எழுந்திருக்கும்போது ஈரம். ஆபரேஷன் ஆன மனிதர் வேறு என்ன நினைப்பார்?

ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "எனக்கோசரம் சொல்றியாம்மா?" என்றார்.

அவர் நம்பவில்லை. அதனால் ரிப்பேருக்கு விடாமல் வைத்திருந்து, உடம்பு தேறியதும் அவரையே அந்த சீட்டில் உட்கார வைத்தோம். முரளி வெளியே தண்ணீர் ஊற்றினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் சொட்டு அப்பாவின் முழங்காலில் விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். உள்ளங்கையை நீட்டி அடுத்த சொட்டைப் பிடித்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"ஏம்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ துண்டு போட்டியே. உனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். அப்புறம் சொல்றதுக்கு என்னா இருக்குது?"

மரியாதை என்று நாம் வாயை மூடிக்கொள்கிறோம். எதிரில் இருப்பவர் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்...

மெக்கானிக் மெல்லிய நைலான் நரம்பை விட்டு அடைப்பை எடுத்தார். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, எல்லாவற்றையும் காயவைத்தோம். அதன் பிறகு பெய்த மழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

போன ஞாயிறு அப்பா கட்கிக்குப் போனார். திரும்பி வரும்போது பின் சீட்டில் அதே இடது பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

"என்னப்பா, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட விஷயத்தைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டு பேரு மட்டும் சிரிக்கல. அப்புறம் தனித்தனியா வந்து, இதுக்கு எந்த டாக்டரைப் பாக்கணும்னு கேட்டாங்க."

சிக்னலில் வண்டி நின்றது. அவரே சொன்னார்:

"அவங்க வீட்ல காரே இல்லம்மா."