குகை வாசலில் கழற்றி வைத்த பூட்ஸ்

என் பிள்ளைகள் செல்விக்கும் குமாருக்கும், வெள்ளிக்கிழமை பஜனைக்கு வரும் மற்றப் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். அம்மன் எனக்குச் செய்ததை உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. தை மாதம், பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஒரு குகைக்குள் விழுந்து கிடந்தேன். வலது கால் பாறைக்கடியில் மாட்டிக்கொண்டிருந்தது. கணுக்கால் முறிந்திருந்தது. டார்ச் உடைந்துவிட்டது. கண்ணைத் திறந்தாலும் இருட்டு, மூடினாலும் அதே இருட்டு. நான் அங்கே கிடப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருவருக்கும் தெரியாது என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அங்கே எப்படிப் போனேன் என்று சொல்கிறேன்.

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவன் நான். அப்பா அம்மா காலமாகிவிட்டார்கள். அண்ணன் வலை போட்டுக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்டேஷனுக்கு அருகில் ஒரு சின்ன அறை. வேலை நாளில் ஒன்றும் தெரியாது. மிஷின் சத்தத்திலேயே பொழுது போய்விடும். ஞாயிற்றுக்கிழமைதான் ஒரே பேஜார். துணி துவைத்துப் போட்டுவிட்டால் அப்புறம் செய்வதற்கு ஒன்றும் கிடையாது. ரயில் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எந்த ரயிலிலும் எனக்காக யாரும் வந்து இறங்க மாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்ப்பேன்.

அந்தப் பேஜாரைத் தீர்த்தவன் தேவராஜ். என்னோடு வேலை செய்தவன். உடம்பு பருமன், வாய் அதைவிடப் பெரிசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சத்தியவேடு பஸ்ஸில் ஏறி, மலை தெரிகிற இடத்தில் இறங்கி, சும்மா சுற்றப் போனோம். அப்போதுதான் அந்தக் குகையைப் பார்த்தோம். கூழாங்கல்லை மண்ணோடு பிசைந்து சுட்டு வைத்தது போன்ற பாறை. வாசல் பெரிய கூடம் மாதிரி இருக்கும். அங்கே ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அம்மன் என்று ஊர்க்காரர்கள் கும்பிடுகிறார்கள். அதற்குப் பின்னால் பாறை பிளந்து ஒரு சந்து உள்ளே போகிறது.

எனக்கு அந்தச் சந்து பிடித்துப்போயிற்று. வாரா வாரம் போக ஆரம்பித்தோம். உள்ளே வெயில் காலத்திலும் குளிர்ச்சி. எங்கேயோ தண்ணீர் சொட்டும். தவழ வேண்டும், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நுழைய வேண்டும், பாறையோடு பாறையாக ஒட்டி மூச்சை அடக்க வேண்டும். போன வாரத்தைவிடக் கொஞ்சம் கூடப் போய்விட்டால் அந்த வாரம் முழுக்க ராஜா மாதிரி இருக்கும். வெளிதேசங்களில் இதற்கென்றே சங்கம் வைத்து விளையாடுகிறார்கள் என்று எங்கள் இன்ஜினியர் பிற்பாடு சொன்னார். எனக்கு அது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போக ஓர் இடம் இருக்கிறது என்பதுதான்.

தேவராஜ் உள்ளே வர மாட்டான். அம்மன் கல்லுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பீடி பிடிப்பான். ஒரு பீடி தீர்ந்ததும் சந்துக்குள் தலையை நீட்டிக் கத்துவான்.

“டேய் ஏழுமல! உயிரோட கீறியா?”

“கீறேன்டா!”

“நல்லா கீறு. செத்துகித்து வெச்சினா உன்ன இஸ்துக்கினு வர்றதுக்கு என்னால ஆவாது!”

“பயந்தாங்கொள்ளி! நீயும் உள்ள வாயேன்டா!”

“நான் பூந்தா குகைக்குத்தான்டா டேஞ்சரு. அடைச்சிக்கும்.”

இன்னொரு விஷயத்துக்கும் எங்களுக்குள் சண்டை வரும். தொழிற்சாலையில் எங்களுக்குக் கறுப்பு பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். முனையில் இரும்பு வைத்தது. நான் அதை அம்மன் முன்னால் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவேன்.

“கும்ட்டுட்டு திரும்ப மாட்டிக்கினு போடா. உள்ள ஈரமா கீது. அவ கோச்சிக்க மாட்டா,” என்பான் தேவராஜ்.

நான் கேட்கவில்லை. அம்மன் இருக்கும் இடத்தில் பூட்ஸ் காலோடு போவதா? அதோடு நான் படகில் வளர்ந்தவன். ஈரப் பலகையில் நின்று பழகிய கால் எனக்கு எங்கேயும் வழுக்காது என்று ஒரு நினைப்பு.

பிறகு தேவராஜுக்கு ராணிப்பேட்டையில் வேலை கிடைத்தது. அங்கேயே பெண்ணும் பார்த்து முடித்துவிட்டார்கள். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் ரயில் ஏறிய அன்று நான் ஸ்டேஷனில் நின்றேன். அப்புறம் என் ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி ஆகிவிட்டன. கொஞ்ச காலம் பொறுத்தேன். பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போய் வந்த பிறகு அறை இன்னும் வெறிச்சென்று இருந்தது. அடுத்த ஞாயிறு தனியாகக் கிளம்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை.

பூட்ஸைக் கழற்றினேன். கும்பிட்டேன். நுழைந்தேன். வெகு தூரம் போகவில்லை. பழகிய இடந்தான். வௌவால் எச்சமும் ஈரமும் கலந்த ஒரு சரிவில் கால் வழுக்கியது. கையால் பிடித்த கல் பெயர்ந்து என்னோடு சேர்ந்து உருண்டது. நான் கீழே இருந்த பள்ளத்தில் விழுந்தேன். அந்தக் கல் என் கால்மேல் விழுந்தது. அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

முதலில் கத்தினேன். தொண்டை வறண்டு போகும்வரை கத்தினேன். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டு யோசித்தேன். அந்த யோசனைதான் என்னைக் கொன்றது. நாளைக்கு வேலைக்குப் போகாவிட்டால், லீவு போட்டு ஊருக்குப் போயிருக்கிறான் என்று நினைப்பார்கள். வீட்டுக்காரர் வாடகைக்குத்தான் கதவைத் தட்டுவார். அண்ணன், தம்பி வேலையில் இருக்கிறான் என்று நினைப்பார். அடுத்த பொங்கல்வரை நினைப்பார். அங்கே இருப்பவர்கள் நான் இங்கே இருப்பதாகவும், இங்கே இருப்பவர்கள் நான் அங்கே இருப்பதாகவும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நான் இரண்டிலும் இல்லாமல் இந்தப் பள்ளத்தில் இருப்பேன். பிள்ளைகளே, அப்போது அழுதேன். கால் வலிக்காக அல்ல.

பிறகு அம்மனைக் கூப்பிட்டேன். முதலில் பேரம் பேசினேன். பொங்கல் வைக்கிறேன், மொட்டை போடுகிறேன், வேல் குத்திக்கொள்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில் வேண்டுதல் எல்லாம் தீர்ந்துபோய் ஒன்றுதான் மிஞ்சியது. “அம்மா, நான் பிழைக்கிறதும் சாகிறதும் உன் இஷ்டம். நான் இங்கே இருக்கேன்னு ஒரு உயிருக்காவது தெரியட்டும். யாராவது ஒருத்தர் என்னைக் கூப்பிடட்டும்.” இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பாறையில் கசிந்த தண்ணீரை நாக்கால் தொட்டுக்கொண்டேன். தூங்கினேனா மயங்கினேனா தெரியாது. வெளியே பொழுது சாய்ந்ததும் விடிந்ததும் எனக்குத் தெரியாது. நடுநடுவே தேவராஜ் கூப்பிடுவது போலக் கேட்கும். “கீறேன்டா” என்று பதில் சொல்வேன். அப்புறம் அவன் ராணிப்பேட்டையில் இருப்பது ஞாபகம் வரும்.

அப்படி இருக்கும்போது ஒரு குரல் கேட்டது.

“யாருப்பா உள்ள? உயிரோட கீறியா?”

அதே வார்த்தை. பொம்பளைக் குரல். இதுவும் என் மனசு போடும் சத்தம்தான் என்று நினைத்துப் பேசாமல் கிடந்தேன். குரல் மறுபடியும் வந்தது.

“ஏ பூட்ஸ்கார நைனா! உன்னத்தான். கீறியா இல்லியா?”

என் மனசு கூப்பிட்டிருந்தால் ஏழுமலை என்று கூப்பிட்டிருக்கும். பூட்ஸ்காரன் என்று இதுவரை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. அப்படியானால் வாசலில் நிஜமாகவே ஓர் ஆள் நிற்கிறது.

“கீறேன்!” என்றேன். சத்தமே வரவில்லை. கையில் அகப்பட்ட கல்லை எடுத்துப் பாறையில் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன்.

அந்த அம்மாள் பெயர் செங்கம்மா. மலையடிவாரத்தில் குடியிருப்பவர், சுள்ளி பொறுக்க வருபவர். ஓடிப்போய்த் தன் வீட்டுக்காரரையும் இன்னும் இரண்டு ஆடு மேய்ப்பவர்களையும் கூட்டிக்கொண்டு கடப்பாரை, கயிறு, லாந்தரோடு வந்தார். ஒல்லி உடம்பு என்பதால் லாந்தரோடு முதலில் நுழைந்தவரும் அவரே. என் முகத்தைப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

“இன்னாத்துக்கு நைனா இதுல பூந்த? புதையலு இருக்குதுன்னு எவனாவது சொன்னானா?”

“இல்லம்மா. சும்மா. வெளையாட்டுக்கு.”

“வெளையாட்டா? டப்பு குடுத்தாகூட நாங்க பூர மாட்டோம். நீ சும்மா பூந்தியா?” வெளியே திரும்பி, “யோவ், கேட்டியா? ஊட்ல சோறு செமிக்காம வெளையாட வந்துக்கீது!” என்று கத்தினார். சொல்லிக்கொண்டே தன் முந்தானையால் என் முகத்து மண்ணைத் துடைத்தார். அம்மா போனபிறகு என் முகத்தை ஒருவர் துடைத்தது அப்போதுதான்.

கடப்பாரையால் கல்லை நெம்பிக் காலை எடுத்தார்கள். வெளியே படுக்க வைத்தபோது திங்கட்கிழமை வெயில் நன்றாக ஏறியிருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“நேத்து சாயங்காலமே பாத்தேன். நல்ல பூட்ஸு. எங்க ஊட்டுக்காரருக்கு ஆவுமேன்னு கையிலகூட தூக்கிட்டேன். பொய் சொல்ல மாட்டேன். நிமுந்தா எதுர்ல அம்மா பாத்துக்கினே கீறா. கீழ வெச்சிட்டு போயிட்டேன். காலைல வந்து பாத்தா அங்கியே கீது. மேல பனி. ஒண்ணுத்துக்குள்ள தேரை குந்திக்கினு கீது. அப்பதான் ரோசன வந்துச்சு. பூட்ஸ வுட்டுட்டு எந்த ஆம்பள ஊட்டுக்கு நடந்து போவான்?”

பிள்ளைகளே, இதைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. பதில் வரவில்லை என்று நான் இருட்டில் அழுதுகொண்டிருந்த நேரத்திலேயே பதில் வந்துவிட்டிருந்தது. ஒரு கை பூட்ஸை எடுத்தது, அம்மன் பார்த்தாள், அந்தக் கை கீழே வைத்தது. அது எனக்குத் தெரிய ஒரு பொழுது ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடந்தேன். விஷயம் தெரிந்து தேவராஜ் வந்தான். கட்டிலில் உட்கார்ந்து என் கால் கட்டைத் தொட்டுப் பார்த்தான். “நான் இல்லாம உள்ள பூருவியா நீ?” என்று மட்டும் கேட்டான். அவனைப் பயந்தாங்கொள்ளி என்றேனே. வாசலில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்த அவன்தான் எனக்குப் பாதிக் காவல் என்பது அப்போது விளங்கியது.

பூட்ஸைச் செங்கம்மாவின் வீட்டுக்காரருக்கே கொடுத்தேன். மாட்டிக்கொண்டு நாலு எட்டு வைத்துப் பார்த்துவிட்டு, வாத்து மாதிரி நடை வருகிறது என்று திருப்பித் தந்துவிட்டார்.

இதை எல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? போன வாரம் குமார் கேட்டான்: “அப்பா, நாங்க குகைக்கு போலாமா? டேஞ்சரா?” அவன் அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறாள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். குகை யாரையும் துரத்திவந்து கடிப்பதில்லை. மாங்காய் அடிக்க மரம் ஏறிக் கை ஒடிந்தவனையும் பார்த்திருக்கிறேன். குகையில் டார்ச் ஒன்று போதாது, ஆளுக்கு இரண்டு வேண்டும், மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் தனியாக வேண்டும். மழை பெய்த வாரத்தில் போகக்கூடாது. தலைக்கு என் தொழிற்சாலை ஹெல்மெட் இருக்கிறது. அசையும் கல்லைப் பிடிக்கக்கூடாது, மூச்சு முட்டினால் உடனே திரும்பிவிட வேண்டும். இவ்வளவும் செய்தால் அது நல்ல விளையாட்டு. ஆனால் இவ்வளவும் செய்துவிட்டு வாசலில் ஆள் இல்லாமல் போனால், செய்தது எல்லாம் வீண்.

பூட்ஸோடு போயிருந்தால் வழுக்கியிருக்காது. பூட்ஸோடு போய் வழுக்கியிருந்தால் என்னைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அந்தக் கணக்கை நான் அம்மனிடமே விட்டுவிட்டேன். இப்போது வெறுங்காலோடு கும்பிட்டுவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு, உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமாக என் துண்டை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போகிறேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தேவராஜ் சொன்னது சரிதான். கால் சரியாக மடங்காததால் அதிகம் உள்ளே போவதும் இல்லை. தொழிற்சாலைப் பையன்கள் போகும்போது வாசலில் உட்காருகிறேன். தை பிறந்தால் அங்கே பொங்கல் வைக்கிறோம். செங்கம்மாவுக்கு முதல் இலை. அவர் இன்றைக்கும் என்னை ‘பூட்ஸ்காரரு’ என்றுதான் கூப்பிடுகிறார். ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் முகத்தை நான் இப்போது பார்ப்பதில்லை.

உங்களுக்கும் ஒரு நாள் இருட்டு வரும். அது குகையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம்மை யாரும் தேட மாட்டார்கள் என்று தோன்றும். அப்போது அவளைக் கூப்பிடுங்கள். பதில் கேட்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். உங்களுக்குக் கேட்காத இடத்தில் அவள் யாரையாவது திரும்பிப் பார்க்க வைத்திருப்பாள். அந்த ஆள் வரும்வரை கல்லைத் தட்டிக்கொண்டே இருங்கள்.

வருகிற ஞாயிறு உங்களை நானே அழைத்துப் போகிறேன். நீங்கள் உள்ளே போங்கள். நான் அம்மன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அடிக்கடி கூப்பிடுவேன். சிரிக்காமல், சலித்துக்கொள்ளாமல், ஒவ்வொரு தடவையும் “கீறேம்பா” என்று ஒரு பதில் கொடுங்கள்.