சம்பாவின் பட்டினிக் குடுவைகள்

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸ் பியூன் வந்து, "மேடம், சம்பா மேடம் நஹீ ரஹீ" என்றார். செண்பகம் என்ற பெயர் டெல்லியில் யார் வாயிலும் நுழையாததால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவள் சம்பா. அதனால் ஒரு நொடி, இறந்தது வேறு யாரோ என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. பிறகு உட்கார்ந்து அழுதேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவள் மயூர் விஹார் பிளாட்டின் மாடிப்படியில் மூச்சு வாங்கியபடியே சிரிப்பவள். எனக்குப் பதினான்கு வருடம் பக்கத்து மேசை.

பாக்டீரியாவைப் பட்டினி போடுவது எங்கள் வேலை. வளரத் தேவையான ஒரு சத்தைத் தானே செய்துகொள்ளத் தெரியாத வகை ஒன்றை ஒன்றரை மணி நேரம் அரைவயிறாக வைப்போம். அந்த நெருக்கடியில் அவற்றில் சில, செத்த பாக்டீரியாவிலிருந்து எடுத்து நாங்கள் ஊற்றும் டிஎன்ஏவை உள்ளே இழுத்துக்கொள்ளும். சத்தைச் செய்யும் திறமையும் கூடவே வந்துவிடும். "வயிறு நெறஞ்சிருந்தா ஏறெடுத்தும் பாக்காது. பசிச்சாத்தான் செத்தவ விட்டுட்டுப் போனது கண்ணுக்குத் தெரியுது, பாத்தியாளா?" என்பாள், திருநெல்வேலிப் பேச்சு மாறாமல். குடுவைகளில் தமிழில் 'பட்டினி' என்று எழுதுவாள். என்னவென்று கேட்டு அவள் படித்துக் காட்டினால் இந்திக்காரர்கள் காதில் அது 'பத்னி' என்று விழுந்து, அந்தக் குடுவைகள் கடைசிவரை சம்பாவின் மனைவிகளாகவே இருந்தன.

நான் சேர்ந்த இரண்டாம் வருடக் கோடை. அவளுடைய ஆராய்ச்சிப் பட்டம் இந்தச் சோதனை முடிவுகளை நம்பியிருந்தது. சரிபார்ப்பதற்காக ஒரு குழாயில் மட்டும் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக வெட்டிவிடும் நொதியைச் சேர்ப்பாள். அதில் எதுவும் வளரக் கூடாது. வளர்ந்தது. மூன்று முறையும் வளர்ந்தது. கவனமில்லாமல் குழாய்களை மாற்றிவிட்டாள் என்று ஆய்வுக்கூடத் தலைவர் முடிவு கட்டி, வேலையை அவளிடமிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் தயங்கியபடி நின்றபோது அவள் சொன்னது: "கெடக்கட்டும்ளா. நீ காப்பியப் போடு."

அந்தக் குழாயில் வளர்ந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். மூன்று மணிக் காப்பி இல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை. ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரில் பால் வைப்பவள் நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை, திரும்பச் செருக மறந்து வீட்டுக்குப் போனேன். மே மாத டெல்லியில் இரண்டு நாள் கிடந்து நொதி கெட்டது. திங்கள் காலை ஓடி வந்து பார்த்தால் பிளக் செருகியிருந்தது. பெருக்குகிற அம்மா செருகியிருப்பாள் என்று நினைத்தேன், வாயைத் திறக்கவில்லை. புது நொதி வெளிநாட்டிலிருந்து வந்தபின் என் கையில் எல்லாம் சரியாக வந்தது. கட்டுரை என் பெயரில் வந்தது. செண்பகத்துக்குக் கடைசிவரை பட்டம் கிடைக்கவில்லை. அதன் பிறகு தினமும் மாலை வீட்டுக்குப் புறப்படும்போது ஃபிரிட்ஜ் பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். வயதாகிறது, பயம் வந்துவிட்டது என்று நான் கேலிகூடச் செய்திருக்கிறேன்.

பத்தாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். டெல்லியிலேயே பிறந்த அவள் மகள் வித்யா தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. பழைய ஆய்வு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"ஆன்ட்டி, இதுல எல்லாம் இங்கிலீஷ். இந்த ஒரு பேஜ்ல மட்டும் அம்மா தமிழ்ல எழுதியிருக்காங்க. ஜரா படிச்சுச் சொல்றீங்களா?"

தலைவர் கண்ணில் பட்டாலும் புரியக் கூடாதென்று தமிழில் எழுதியிருக்கிறாள். சத்தமாகவே படித்தேன்: "திங்கக்கெழம வந்தப்போ பிரிட்ஜு பிளக்கு கழண்டு கெடந்துச்சு. நான்தான் சொருவுனேன். காப்பிக்குப் புடுங்கிருக்கா. நொதி போச்சுன்னு இன்னைக்குத்தான் புரியுது. சொல்லாண்டாம். அவ வேல இன்னும் நிரந்தரமாவல."

"யாரு ஆன்ட்டி அந்த 'அவ'?"

"நான்தான்" என்றேன். பன்னிரண்டு வருடத்தில் என்றாவது அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதை அவள் மகளிடம் சொன்னேன். வித்யா நோட்டை மூடி என் மடியில் வைத்தாள்.

"அப்போ இது நீங்க வெச்சுக்கணும்."

வைத்திருக்கிறேன். அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இன்று மூன்று மணிக்குப் பால் வைக்க எழுந்தேன். பிளக்கில் கை வைத்தேன். பிடுங்க முடியவில்லை.