பேச்சி என்ற பெயர்

பூச்சோங் கிளினிக்கில் தடுப்பூசிக்குக் காத்திருந்தோம். மலாய் நர்ஸ் கதவைத் திறந்து, "பேபி பேச்சி!" என்று உரக்கக் கூப்பிட்டார். யாரும் சிரிக்கவில்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். என் மடியிலிருந்த பேத்தியின் பெயர் அது. "சந்தெக் நாமா, அங்கிள்!" அழகான பெயராம். அர்த்தம் கேட்டார். பிள்ளைகளைக் காக்கிற சாமி என்று என் ஓட்டை மலாயில் சொன்னேன். "ஓ, பேபிசிட்டர்!" என்று சிரித்தார். திருத்த எனக்கு என்ன யோக்கியதை?

பேச்சிலிருந்து வந்த பெயர் என்பார்கள் சிலர். பேயை அடக்கியவள் என்பார்கள் சிலர். எங்கள் விருதுநகர்ப் பக்கம் தெருவுக்கு நான்கு பேச்சிகள் இருந்தார்கள். பிரசவத்துக்கும் பச்சைப்பிள்ளைக்கும் பேச்சியம்மன்தான் காவல். இங்கே மலேசியாவில் அவளையே பெரியாச்சி என்கிறார்கள்; முப்பது நாள் ஆன குழந்தையை அவள் முன்னால் கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். இப்போது இளம் பெற்றோருக்கு இந்தப் பழைய, சின்னப் பெயர்கள் மேல் மோகம். ஊரிலும் அப்படித்தானாமே? எனக்கு எரிச்சலாக வருகிறது. இந்த மோகம் முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கே போயிருந்தது?

அப்போது நான் கிள்ளானில் இன்ஜினியர். மனைவிக்கு முதல் இரண்டு கருவும் தங்கவில்லை. மூன்றாவது தங்கினால் பேச்சி என்று பெயர் வைப்பதாக நேர்ந்துகொண்டாள். மகள் பிறந்தாள்.

"இன்ஜினியர் மகளுக்குப் பேச்சியா? ஆபீஸ்ல எவன் மூஞ்சில முழிக்கிறது?"

"நேந்துக்கிட்டதுங்க."

"சாமி கோவிச்சா நான் பேசிக்கிறேன்."

நானே போய் சுவேதா என்று பதிந்துவிட்டு வந்தேன். வீட்டில்கூடப் பேச்சி என்ற பெயர் என் காதில் விழக்கூடாது என்றேன். விழவேயில்லை. போன வருஷம் மனைவி இறந்தாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

கிளினிக்கிலிருந்து திரும்பும்போது காரில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேத்திக்கு அவள் இணையத்தில் பார்த்து வைத்த பெயர் என்றே அதுவரை நினைத்திருந்தேன். சுவேதா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும் லா, அப்பா. நீங்க வேலைக்குப் போனதும் அம்மா என்னைப் பேச்சின்னுதான் கூப்பிடுவாங்க. உங்க கார் சத்தம் கேட்டா சுவேதா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டா கத்துவீங்கன்னு அம்மா சொன்னாங்க. கத்தியிருப்பீங்கதானே?"

கத்தியிருப்பேன்.

ஆக, அந்தக் கிள்ளான் வீட்டில் பகல் முழுக்க எங்கள் ஊர் இருந்திருக்கிறது. சாயங்காலம் நான் கதவைத் திறக்கும்போது அது எழுந்து அடுக்களைப் பக்கம் போயிருக்கிறது. தினமும் வேலை முடிந்து நான் வெளிநாட்டுக்குத்தான் திரும்பிக்கொண்டிருந்தேன்.