பூட்ஸுக்குள் ஒரு அளவுகோல்

ஓரெஸ்ட் பிலிப்சுக் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பதினான்கு வயதில் சஸ்காட்சவன் சமவெளியின் கோதுமைக் களஞ்சியம் ஒன்றில் தானியம் வாரிப் போட்டார். பதினெட்டில் ஊர்ப் பொடியன்களின் ஆட்டத்துக்கு விசில் ஊதினார். முப்பதில், சம்பளம் வாங்கும் ஐஸ் ஹாக்கி நடுவர். சிபாரிசு கிடையாது, மாமன் மச்சான் கிடையாது. விதிப்புத்தகத்தை எழுத்துக் கூட்டியே படித்து மனப்பாடம் செய்தார். அவரிடம் விதி பேசப் போன வக்கீல்கள் இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள்.

அவருடைய மூலதனம் ஒன்றே ஒன்றுதான். யாரையும் நம்பமாட்டார்.

பந்துக்குப் பதிலாக அடித்து ஆடும் கறுப்பு ரப்பர் வில்லைகளை ஆட்டத்துக்கு முன்னால் பனிக்கட்டியில் போட்டு வைப்பது வழக்கம். குளிர்ந்த வில்லை குதிக்காது. மற்ற நடுவர்கள் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஓரெஸ்ட் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்ப்பார். கோல் வலையின் முடிச்சுகளை இழுத்துப் பார்ப்பது எல்லை நடுவரின் வேலை. அவர் பார்த்த பிறகு இவரும் ஒருமுறை இழுப்பார். உள்ளூர் அணி கொடுத்தனுப்பும் காப்பியைத் தொடமாட்டார். கார்ச் சாவியை அடுத்தவன் கையில் கொடுத்ததே இல்லை.

இப்படிப் பத்தொன்பது பருவம் ஓடிற்று. ஆனால் ஒரு தடவைகூட லீக்கின் இறுதி ஆட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. எழுபத்தெட்டாம் வருடம் மார்ச் மாதம் வாய்ப்பு வாசல் வரைக்கும் வந்தது. மார்ஷ்ஃபீல்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரையிறுதி. நடுவர்களை மேற்பார்க்கும் மெர்வ் உன்ராவ் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காரப்போகிறார். இந்த ஒன்றைச் சரியாக முடித்தால் இறுதி ஆட்டம் ஓரெஸ்டுக்கு.

அன்றைக்கு வில்லைகளைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பியவர் தன் தோல் பையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பை வாரை அவர் எப்போதும் மூன்றாவது துளையில்தான் மாட்டுவார். இப்போது இரண்டாவது துளையில் இருந்தது.

திறந்து பார்த்தார். விசில் இரண்டும் இருந்தன. மட்டையை அளக்க லீக் கொடுத்த அளவுகோலும் இருந்தது. அறையில் எல்லை நடுவர் டெனி லாஃப்ராம்புவாஸ் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருடமாக ஒரே காரில் கூட வருகிறவர்.

"டெனி, உள்ள யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலையே. ஏன், என்ன காணோம்?"

"ஒண்ணும் காணாமப் போகல. அதான் சந்தேகமா இருக்கு."

"போனாலும் சந்தேகம், போகலன்னாலும் சந்தேகம். உங்க வீட்டம்மா எப்படித்தான் காலம் தள்ளுறாங்களோ" என்று சொல்லிவிட்டு டெனி குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினார். இடது பூட்ஸின் கயிறு வலதைவிட வெள்ளையாக இருந்தது. ஓரெஸ்ட் அதைப் பார்த்தார். ஆனால் மனசு முழுக்கப் பையிலேயே கிடந்தது.

மட்டையின் அடிப்பலகை எவ்வளவு வளைந்திருக்கலாம் என்பதற்கு விதி உண்டு: அரை அங்குலம், அதற்கு மேல் கூடாது. அந்த அளவுகோலில் அரை அங்குல நீளத்தில் ஒரு இரும்புப் பல் இருக்கும். வளைவின் குழிவில் வைக்கும்போது பல் முழுசாக இறங்கிவிட்டால் மட்டை தப்பு. ஆட்டக்காரன் இரண்டு நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும். இறங்காமல் முட்டி நின்றால் மட்டை சரி. அப்போது அளக்கச் சொன்ன அணிக்குத்தான் அந்த இரண்டு நிமிடத் தண்டனை. அதனால் நிச்சயமாகத் தெரியாமல் எந்தக் கோச்சும் அளக்கச் சொல்லமாட்டான்.

லீக்கின் அளவுகோலில் யாராவது கை வைத்துவிடலாம் என்று பதினான்கு வருடத்துக்கு முன்பே ஓரெஸ்ட் யோசித்துவிட்டார். பழைய கலப்பை இரும்பில் தானே ஒன்று ராவிச் செய்து, பட்டறையில் கொடுத்து அளவு சரிபார்த்து, வலது பூட்ஸுக்குள் செருகி வைத்திருந்தார். கணுக்காலை அறுக்காமலிருக்க, மட்டையில் சுற்றும் வெள்ளைத் துணி டேப்பை அதன்மேல் சுற்றியிருந்தார். பருவம் தொடங்கும்போதெல்லாம் பழசின்மேல் புதுச் சுற்று ஒன்று. அதை எடுக்க வேண்டிய நாள் வரவே இல்லை. டெனிக்குக்கூட அது தெரியாது.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தது. வெளியூர் அணியான பெலிக்கன் லேக் மூன்று, மார்ஷ்ஃபீல்டு இரண்டு. மார்ஷ்ஃபீல்டு கோச் கால்வின் தோர்ஸ்டீன்சன் தடுப்புச் சுவர்மேல் சாய்ந்து கூப்பிட்டார்.

"பிலிப்சுக், அவங்க பதினேழாம் நம்பரோட மட்டைய அளங்க."

"எதுக்கு?"

"வளைஞ்சிருக்கு. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"கண்ணு இருக்கு, தெரியுது. உங்க வேல அளக்கறது. போலீஸ் வேல பாக்காதீங்க."

ஓரெஸ்டுக்குப் பை வார் ஞாபகம் வந்தது. இரண்டாவது துளை. பல்லை ராவிக் குட்டையாக்கிவிட்டார்கள். எந்த மட்டையை வைத்தாலும் இறங்கும். அதனால்தான் இந்த ஆள் இத்தனை தைரியமாகக் கேட்கிறான்.

லீக்கின் அளவுகோலை வைத்தார். பல் வழுக்கிக்கொண்டு இறங்கிற்று. அவர் கையைத் தூக்குவதற்கு முன்பே பதினேழாம் நம்பர் தண்டனைப் பெட்டியைப் பார்த்துச் சறுக்கிப் போய்க்கொண்டிருந்தான். இவனையும் வாங்கிவிட்டார்களா என்று ஓரெஸ்ட் நினைத்தார்.

"நில்லுடா அங்கேயே" என்று சொல்லிவிட்டு, குனிந்து வலது பூட்ஸுக்குள் கைவிட்டார்.

"என்னய்யா எடுக்கிற, மத்தியானச் சாப்பாடா?" என்று தோர்ஸ்டீன்சன் கத்தினார். அரங்கமே சிரித்தது.

டேப் சுற்றிய அளவுகோலை வைத்தார். பல் முட்டி நின்றது. இன்னொரு தடவை வைத்தார். முட்டிற்று. மட்டை சரி என்று சைகை காட்டி, மார்ஷ்ஃபீல்டு ஆள் ஒருவனை இரண்டு நிமிடத்துக்குப் பெட்டிக்கு அனுப்பினார். சிரித்த அரங்கம் இப்போது ஊளையிட்டது. காலணிக்குமேல் போடும் ரப்பர் உறைகள் பனித்தளத்தில் வந்து விழுந்தன. பெலிக்கன் லேக் நாலாவது கோலும் போட்டது. மார்ஷ்ஃபீல்டின் பருவம் அதோடு முடிந்தது.

அறைக்கு உன்ராவ் வந்தார். "இருபது வருஷமா பாக்கிறேன், ரெண்டு அளவுகோல் வச்சு அளந்து பாத்த நடுவரை இன்னைக்குத்தான் பாக்கிறேன். அறிக்கைய எழுதி வைங்க, காப்பி குடிச்சிட்டு வந்து வாங்கிக்கிறேன். ஃபைனல் உங்களுக்குத்தான்." போய்விட்டார்.

ஓரெஸ்ட் கதவைச் சாத்தினார். "இப்ப சொல்லு டெனி. என் பைய யாரு திறந்தா?"

டெனி பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "நான்தான். கயிறு அறுந்துடுச்சு, உங்க பையடியில கிடந்த கயித்துக் கட்டுலேர்ந்து ஒண்ணு எடுத்துக்கிட்டேன்."

"கேட்டப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா எத்தன மணிக்கு அறுந்துச்சு, எங்க அறுந்துச்சு, அறுந்த துண்டு எங்கன்னு கேப்பீங்க. ஒரு கயித்துக்கு யாருங்க அவ்வளவு பதில் சொல்றது?"

அந்த வெள்ளைக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார் ஓரெஸ்ட். டெனி மேசைமேல் கிடந்த டேப் சுற்றிய அளவுகோலை எடுத்துப் புரட்டினார்.

"இதென்ன, பல்லுக்கு மேலயும் சுத்தியிருக்கு?"

ஓரெஸ்ட் அதைப் பிடுங்கி நகத்தால் டேப்பை உரித்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பதினான்கு வருடத்து வியர்வையில் ஒட்டிக் காய்ந்து, பலகைபோல ஆகியிருந்தது. உரித்து முடித்து இரண்டு இரும்பையும் சேர்த்து வைத்தார். இரண்டு பற்களும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் ஒன்றாக இருந்தன. லீக்கின் அளவுகோலை யாருமே தொடவில்லை. மட்டைதான் தப்பு.

உன்ராவ் காப்பிக் கோப்பையோடு திரும்பி வந்தார். ஓரெஸ்ட் உரித்த டேப்பை மேசைமேல் தள்ளி விஷயத்தைச் சொன்னார். உன்ராவ் கோப்பையை மேசைமேல் வைத்தார்.

"ஆட்டம் முடிஞ்சு போச்சு. முடிவ யாரும் மாத்தப் போறதில்ல. இது இந்த ரூமுக்குள்ள மூணு பேருக்குத்தான் தெரியும், ஓரெஸ்ட்."

இந்த ஆள் என்னைச் சோதிக்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று ஓரெஸ்டுக்கு அப்போதும் சந்தேகம். முகத்தை உற்றுப் பார்த்தார். பிடி கிடைக்கவில்லை. பேனாவை எடுத்தார். 'மட்டை வளைவு அதிகம். என் சொந்த அளவுகோல் தப்பு. தீர்ப்பும் தப்பு' என்று அச்சடித்தாற்போல் கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெரிய படிப்புப் படித்தவர்கள் பலர் இதை எழுதாமலே தாளைத் திருப்பி வைத்திருப்பார்கள்.

பிறகு தனியாக மார்ஷ்ஃபீல்டு அறைக்குப் போய்த் தோர்ஸ்டீன்சனிடமும் சொன்னார். அடி விழும் என்று தயாராகத்தான் போனார். தோர்ஸ்டீன்சன் அடிக்கவில்லை, தலையைத் துவட்டிய துண்டைத் தரையில் வீசினார்.

"எப்படித் தெரியும்னு கேட்டீங்கல்ல? இடைவேளையில அந்தப் பய கதவிடுக்குல மட்டைய விட்டு வளைச்சிட்டிருந்தான். என் கண்ணால பாத்தேன்."

"அத அங்கயே சொல்லியிருக்கலாமே."

"திருடனைக் கேக்கிற மாதிரி கேட்டீங்க. சொல்லப் பிடிக்கல."

இறுதி ஆட்டம் வேறொருவருக்குப் போயிற்று. ஓரெஸ்ட் இன்னும் ஆறு பருவம் விசில் ஊதினார். இறுதி ஆட்டம் கடைசிவரை வரவில்லை. அந்த அரையிறுதி முடிந்து ஊர் திரும்பும்போது கார்ச் சாவியை டெனியிடம் கொடுத்தார். ஆனால் நூற்றிருபது மைலும் வேகம் காட்டும் முள்ளைவிட்டு அவர் கண் நகரவில்லை.

கலப்பை இரும்பு மட்டும் பூட்ஸைவிட்டுப் போகவில்லை. டேப் இல்லாமல் வெறும் இரும்பாகவே ஆறு பருவமும் வைத்திருந்தார். அது அறுத்த தழும்பு வலது கணுக்காலில் இருக்கிறது, சரியாக அரை அங்குலம். நம்பாதவர்கள் அளந்து பார்க்கலாம் என்று காலை நீட்டிவிடுவார்.